திறந்து பார்க்காத பெட்டி

— பலகையில எழுதியிருக்கறதைப் படிச்சியா இல்லையா, லொரெட்டா? வித்த துப்பாக்கியைத் திருப்பி வாங்கறதில்ல. கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதான் சட்டம்.

— வாங்கும்போதே படிச்சேன் வெர்ன். இருந்தாலும் இந்தப் பெட்டியோட எடுத்துக்கோ.

— கேளு, மொதல் துப்பாக்கி வாங்கின எல்லாருக்கும் கொஞ்ச நாள் இப்படித்தான் பயமா இருக்கும். பழசுதான், ஆனா தங்கமான பழசு. ரிட்டயர் ஆன போலீஸ்காரனோடது. பொண்டாட்டியைக்கூட அவ்வளவு பத்திரமா வச்சிருக்க மாட்டான்.

— துப்பாக்கி மேல குறை சொல்லல. வாங்கின என் மேலதான் குறை. என் புருஷன் டேல் போனப்புறம் அந்தப் பண்ணை வீட்ல ஒண்டியாக் கிடந்தேன். நாய் குரைச்சாலே நெஞ்சு படபடங்கும். ஷெரிஃபைக் கூப்பிட்டா வந்து சேர முக்கா மணியாகும். அதான் வாங்கித் தொலைச்சேன்.

— சரியாத்தானே செஞ்சே!

— இப்போ என் பையன் வெஸ்லி வந்துட்டான்.

— ஆம்பளப் பிள்ளை வீட்ல இருக்கான். இன்னும் தைரியமாச்சே.

— அட, நீ வேற. அவன் பொண்டாட்டி குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஒமாஹா போயிட்டா. கோர்ட்டும் குழந்தையை அவகிட்டயே குடுத்துடுச்சு. இவன் இங்க வந்ததிலேர்ந்து ரூமை விட்டு வெளிய வரல. போன ஞாயித்துக்கிழமை தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றான், "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதிம்மா"ன்னு. அந்த வீட்ல இதை நானே காசு குடுத்து வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன் பாரு. பெத்த வயிறு பத்தி எரியுது வெர்ன்.

— அடக் கடவுளே. வந்ததும் சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு வாயடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— பணம் ஒண்ணும் வேணாம் எனக்கு.

— பணப்பேச்சை விடு. கேளு, பின் ரூம்ல இரும்புப் பெட்டி இருக்கு. மனசு சரியில்லாதப்போ இந்த ஊர்ல பாதிப்பேரு துப்பாக்கியை அதுலதான் குடுத்து வைக்கறாங்க. ஏன்னு நான் கேக்கறதில்ல. வெஸ்லி தேறட்டும், அதுவரைக்கும் இங்கயே கிடக்கட்டும்.

— நீ நல்லா இருப்பே. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

— இன்னிக்கு எப்படி இருக்கான்?

— தேவலாம். தானா எழுந்து குளிச்சான், முட்டை பொரிச்சுக் குடுன்னு கேட்டான். நான் கிளம்பறப்போ கட்டிப் பிடிச்சுக்கிட்டான் வெர்ன், சின்னப் பிள்ளையாட்டம். விடவே மாட்டேன்னுட்டான். வழியெல்லாம் அழுதுக்கிட்டேதான் வண்டி ஓட்டினேன், சந்தோஷத்துல.

— இதை இங்க கொண்டு வந்தது அவனுக்குத் தெரியுமா?

— தெரியாது. அலமாரியில என் துணிக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன். அப்படியே பெட்டியைப் பூட்டோட தூக்கிட்டு வந்துட்டேன். திறந்து பார்க்க எனக்குக் கை கூசுது, நீயே திற.

— பூட்டுக்கு என்ன நம்பர் வச்சே?

— வேற என்ன வைப்பேன்? வெஸ்லி பொறந்த தேதிதான்... ஏன் அப்படிப் பாக்கறே?

— ஒண்ணுமில்ல. இரு, திறக்கறேன்.

— என்ன வெர்ன்? உள்ள என்ன அப்படித் தேடறே?

— லொரெட்டா, இதுல துப்பாக்கி இல்ல. கனத்துக்குத் துண்டுல சுத்தின ஸ்பேனர்தான் வச்சிருக்கு.