இஸ்திரிக் கூடத்துச் சுவரில் என் வரி

சலவைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, தலைப்பையும் தந்து, தப்பிக்க வழி தராமல் என்னை இங்கே நிறுத்தியிருக்கும் தலைவர் அவர்களே, ஈரத் துணி சுமந்து சுமந்தே தோள் தேய்ந்த பெரியோர்களே, நின்றே வேலை பார்த்து, நின்றே சோறு தின்று, இன்றைக்காவது உட்கார நாற்காலி கிடைத்த தாய்மார்களே, இஸ்திரிக் கூடத்துச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். மேடைப் பழக்கத்தில் தாழ்கிற தலை இல்லை இது. வெட்கத்தில் தாழ்ந்த தலை.

இன்றைய தலைப்பு 'மேலாளர் மொழிகள்'. கொஞ்சம் சிரிக்க வையுங்கள் அம்மா என்றார் தலைவர். எனக்கு முன்னால் பேசிய துணி மடிக்கும் அண்ணன் அந்த வேலையை முடித்துவிட்டார். வேர்க்கிறது என்று சொன்னவரிடம், "தண்ணியக் குறைங்க, வேர்வை தானா குறையும்" என்றாராம் மேலாளர். இடுப்பு வலிக்கிறது என்றவரிடம், "நிமிர்றப்பதான வலிக்குது? குனிஞ்சே இருங்க" என்றாராம். சூடு தாங்கவில்லை என்று நீங்கள் கூடிப் போய்ச் சொன்னபோது, சுவரில் இருந்த வெப்பமானியைக் கழற்றச் சொல்லி, "இதப் பாத்துப் பாத்துத்தான் உங்களுக்குச் சூடு தெரியுது" என்றாராம். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா?

அந்த மேலாளர் என் கணவர்.

பின்வரிசையில் யாரோ நாக்கைக் கடித்துக்கொள்கிறீர்கள், வேண்டாம் ஐயா. அண்ணே, நீங்களும் எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தலைவருக்கு இது தெரியும். வேறு பேச்சாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நானே வருகிறேன் என்றேன். ஏன் தெரியுமா?

வெப்பமானியைக் கழற்றிய இடத்தில், ஆணித் துளைகளை மறைத்து, நீல எழுத்தில் ஒரு வாசகம் எழுதினார்களே, நினைவிருக்கிறதா? 'வெப்பம் மேனியில் இல்லை, மனத்தில். மனம் குளிர்ந்தால் அனலும் மழையே.' இனிக்கிறது இல்லையா? மேனி இருக்கிறது, மனம் இருக்கிறது, மழை இருக்கிறது, மோனை இருக்கிறது. மனிதர் மட்டும் இல்லை. அதை எழுதியவர் அவர் இல்லை. நான்.

இந்தக் கோடையின் தொடக்கம். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "எங்க ஆளுங்களுக்குத் தெம்பா ஒரு வரி சொல்லேன். நீ பேசினா கூட்டமே கட்டுப்படுதே."

"எதப் பத்தி?"

"சூடு, வேர்வைன்னு பொலம்பிட்டே இருக்காங்க. அதப் பத்தித்தான்."

நான் கேட்டிருக்க வேண்டாமா? எங்கிருந்து வருகிறது அந்தச் சூடு, எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், ஜன்னல் உண்டா என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? நான் கேட்டது என்ன தெரியுமா? "பனின்னு முடிக்கவா, மழைன்னு முடிக்கவா?"

மோனைக்கு மழைதான் பொருந்தியது.

அந்த வாசகத்துக்கு நேர் எதிரே, விரிப்புகளை அழுத்தும் சுடும் உருளையின் முன்னால் நின்றவர், நீங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிற சகோதரி. ஒரு நாள் நின்றபடியே மயங்கினார். சரிந்த கை உருளையில் பட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் சொன்னார்: "மயக்கம் வரப்போகுதுன்னா முன்கூட்டியே சொல்லணும்ல? அவங்க சொல்லவே இல்ல."

இத்தனை வருஷம் இப்படி அவர் சொன்னதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான் நான். அன்று சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேலாளர் வீட்டம்மா என்றதும், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் எனக்கு இடம் விட்டார். "செவுத்துல இருக்கே, அத எழுதினது நான்தான்" என்றேன்.

தூக்கிப் பிடித்திருந்த கையை மெல்ல மடியில் இறக்கினார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான்மா இருக்கு. தெனமும் அதையே படிச்சுப் படிச்சு, எனக்குத்தான் மனசு சரியில்லையோன்னு நெனச்சுட்டேன். அதான் தல சுத்துதுன்னு யாருகிட்டயும் சொல்லல."

என் கணவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். சிரித்ததால் பிழைத்தீர்கள். நான் எழுதியதைப் பெரியக்கா நம்பினார். மடத்தனமான பேச்சு காதோடு போகும். அழகான பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து, உங்கள் உடம்பையே உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும்.

அடுத்த நாள் காலை என் கணவரைக் கையோடு இஸ்திரிக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். உருளைக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். நானும் பக்கத்தில் நின்றேன். "ஃபேன் போட்டாலும் சூடான காத்துதான வரும்" என்று ஆரம்பித்தார். விரிப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. முகம் சிவந்தது. கடைசியில் விரிப்பை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்னவற்றிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அதன் பிறகு சுவரை உடைத்து, வெப்பத்தை வெளியே இழுக்கும் விசிறிகள் வைத்தார்கள். குடிநீர் வந்தது. முறை வைத்து ஓய்வு வந்தது. தயவுசெய்து கைதட்டாதீர்கள். நீங்கள் கூடி வந்து கேட்ட அன்றே வந்திருக்க வேண்டியவை அவை. ஒரு கை வெந்த பிறகு வந்தது கருணையா? ஒரு பெண் விழுந்த பிறகு விழித்தது கடமையா?

சகோதரிகளே, இனி சூட்டைப் பற்றிப் பேசுகிறவர் சூட்டில் நின்று பேசட்டும். சுமையைப் பற்றிப் பேசுகிறவர் சுமந்துகொண்டு பேசட்டும். உங்கள் தலை சுற்றினால் சுற்றுகிறது என்று சொல்லுங்கள். சுவர் என்ன சொன்னாலும் சொல்லுங்கள், என்னைப் போன்றவர்கள் எத்தனை இனிக்க இனிக்க எழுதினாலும் சொல்லுங்கள்.

பெரியக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விழா தொடங்கும் முன், மேடையில் வைத்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"மேடை வேணாம்மா," என்றார். "அங்க கேட்டா அதுவும் கேக்க நல்லா இருந்துடும்."

அதனால் இங்கே கேட்கவில்லை. பேச விட்ட தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. மைக்கை அணைத்துவிடுங்கள் ஐயா. பெரியக்கா பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, நான் இறங்கிப் போகிறேன். வணக்கம்.