ஜாக்லின் அம்மாள் கொடுத்த காப்பி

இரவு பதினொன்றரை மணி. கடற்கரைக்குப் பின்னால் உள்ள பழைய வீதியில் ஆளரவமே இல்லை... என் நண்பர் கன்னியப்பனின் மைத்துனர் வெற்றிச்செல்வன், வேலை முடிந்து ஸ்கூட்டரில் அரியாங்குப்பத்தில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சற்று நெருங்கி அமருங்கள். மின்சாரம் இப்போதைக்கு வராது.

வெற்றிச்செல்வன் வேலை பார்ப்பது ஓர் இத்தாலியப் பாணி மாளிகையில். வளைவுச் சன்னல்கள், சதுரக் கோபுரம். நூறாண்டுகளுக்கு முன் அதைக் கட்டி வாழ்ந்தவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்களான கிறிஸ்தோஃபும் அவர் மனைவி ஜாக்லினும். இன்று அது ஓட்டல். இரவு உணவுக்குப் பின் விருந்தினர் பேய்க்கதை கேட்பார்கள். கிறிஸ்தோஃப் காலராவில் இறந்தவர் என்பது வெற்றிச்செல்வனுக்குத் தெரியும். தெரிந்தே, ஜாக்லின் காப்பியில் விஷம் கலந்து கணவரைக் கொன்றாள் என்று கதை கட்டினார். கைதட்டினார்கள். தினமும் சொன்னார்.

அன்று வீதியின் நடுவே ஒரு முதியவர்... வெள்ளைக் கோட்டு. குப்பென்று அந்துருண்டை நெடி. ஸ்கூட்டர் தானாக நின்றது. இந்நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று வெற்றிச்செல்வன் கேட்டார்.

“வூட்ல இருக்க முடியல தம்பி. அவ காப்பி குடுக்கறா. குடிக்க பயமா இருக்கு.”

“யாருங்கய்யா?”

“எம் பொஞ்சாதி. ஜாக்லின்.”

வெற்றிச்செல்வன் ஸ்கூட்டரைவிட்டு இறங்கிவிட்டார்.

“நீ கதை சொல்றப்ப அவளும் கடைசி வரிசைல ஒக்காந்து கேக்கறா. அப்புறம் தலைய குனிஞ்சிக்கினு மாடிக்கு வந்து, நான் செய்யலன்னு எங்கிட்ட சத்தியம் பண்றா.”

“ஐயா... அது நானா கட்டுன கதைங்க.”

முதியவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அவளும் அதத்தான் சொல்றா.”

அதன்பின் வெற்றிச்செல்வன் அந்தக் கதையைச் சொல்வதில்லை. தம் மனைவி காப்பி நீட்டும்போது, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்குக் கூசுகிறதாம். இதை என்னிடம் சொன்னபோது கன்னியப்பனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விருந்தினர் உறங்கியதும் வெற்றிச்செல்வன் படிக்கட்டின் கீழே கைகூப்பி நிற்கிறார். நான் சொன்னது பொய் என்று மேல்நோக்கி உரக்கச் சொல்கிறார். மாடியிலிருந்து ஒரு பெண் விம்மும் ஓசை. அதையடுத்து, ஓர் அறைக்கதவு உள்ளிருந்து தாழிடப்படும் ஓசை.

ஓட்டலாக்கியபோதே அறைகளுக்குச் சாவிப் பூட்டு வைத்து, அந்த வீட்டுத் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள்.