காது நுனி

கத்தரிச் செடிக்கு அடியில் மண் கிளறிக் கிடந்தால் முதலில் பெருச்சாளி மேல்தான் சந்தேகம் வரும், மேடம். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் பெருச்சாளி கிளறிவிட்டு அப்படியே போய்விடும். பூனை கிளறி, வேலையை முடித்து, பதவிசாக மூடிவிட்டுப் போகும். அந்த வித்தியாசம் பிடிபடுவதற்குள் கத்தரிக்காய் காய்த்து ஓய்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் கூப்பிடுவார்களே, அந்த ஆள். அந்த வேலையில் பாதி ஸ்பானர், பாதி பேச்சு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கதவை உதைப்பார்கள். பிறகு வாட்ச்மேனைத் திட்டுவார்கள். பிறகு அழுவார்கள். அதற்கும் பிறகு ஓர் அமைதி வரும். அப்போது மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். கதவைத் திறந்ததும் அந்த மரியாதை போய்விடும். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, செடி வளர்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது மூலைத் துண்டு. அதில் ஏற்கெனவே ஒரு தகரக் கொட்டகை நின்றதால் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. கொட்டகைக்கு அடியில் பூனைகள் இருந்தன. ஒரு தாய், அதன் குட்டிகள், அப்புறம் ஒரு கடுவன் பூனை. அது மதில்மேல் உட்கார்ந்து, நான் கொத்துவதை எல்லாம் மேற்பார்வை பார்க்கும். அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். கிட்டே போனால் எல்லாமே சீறும். வீட்டுப் பூனைகள் அல்ல. யார் கையும் படாமல் வளர்ந்தவை.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் எனக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தார். "நீங்க பிடிக்கப் போகாதீங்க. அதுவா வந்து பிடிபடட்டும்" என்றார். தினமும் ஒரே நேரத்தில் தீனி வைக்க வேண்டும். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுப் பக்கம் நகர்த்த வேண்டும். உள்ளே போனதும் கூண்டைத் துணியால் மூடிவிட்டால் அடங்கிவிடும். கருத்தடை ஆப்பரேஷன் முடிந்ததும் மயக்கம் தெளிவதற்குள் காது நுனியில் துளி வெட்டிவிடுவார்கள். இன்னொருவர் அதைத் திரும்பப் பிடித்துத் தொல்லை கொடுக்காமல் இருக்க அது ஓர் அடையாளம். புது இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் சில வாரம் அடைத்து வைத்துத்தான் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். எல்லாமே அன்பான முறைகள், மேடம். அந்த அம்மாவுக்கு இந்த விஷயத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

மேஸ்திரிகூட வழிக்கு வந்துவிட்டது. அதன் காது வெட்டுப்பட்டதைப் பார்த்த அன்றைக்குத்தான் என் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள். சமையலறை வாசலில் நின்று, கையில் கரண்டியோடு சொன்னாள்.

"ஊர்ப் பூனைக்கெல்லாம் ஒரு வழி பண்றீங்க. என் தம்பிக்கு ஒரு வழி பண்ணணும்னு தோணுதா உங்களுக்கு?"

அவள் தம்பி எங்கள் வீட்டு சோபாவில் படுத்திருந்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாகப் போய் விற்கிற வேலை அவனுக்கு. அது போனதும், ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவன். அந்த ரெண்டு நாள் மழைக்காலத்தைத் தாண்டி வெயில் காலத்துக்குள் போய்விட்டது. கெட்டவன் இல்லை. சாப்பிடுவான், தூங்குவான், நினைத்தபோது வெளியே போவான், எங்கேயாவது சண்டை போட்டுக் கீறலோடு வருவான். தொட்டுப் பேசினால் சீறுவான். யார் கையும் படாமல் வளர்ந்தவன் என்று எனக்குப் புரிந்தது.

மனைவி ஒரு காரியத்தைக் கேட்டு நான் செய்யாமல் இருந்ததில்லை.

முதலில் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தினேன். என் ரத்த அழுத்தத்தைக் காரணம் சொன்னேன். வீட்டில் வேகவைத்த காய்தான். தோட்டத்தில் மட்டும் மீன் பொரித்தேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அவனே மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "என்ன அத்தான், தனியா விருந்து நடக்குதா?" என்று சிரித்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் சில நாள் கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. தட்டை பெஞ்சில் வைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் கொட்டகை வாசலில் வைத்தேன். அதன்பிறகு உள்ளே, அவனுக்காகப் போட்டிருந்த கட்டில் மேல் வைத்தேன்.

கதவை நான் சாத்தினேன் என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். அது சரியில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தேன். கதவு தானாகத்தான் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் மட்டும் நான் போட்டது.

"அத்தான், கதவு மாட்டிக்கிச்சு."

"நான் இருக்கேன். கவலைப்படாதே."

"திறங்க அத்தான்."

"நான் இருக்கேன்."

கதவை உதைத்தான். என்னைத் திட்டினான். பிறகு அழுதான். நான் ஸ்டூலைப் போட்டு வெளியே உட்கார்ந்து, வெண்டைக்காய் பறித்ததைத் தரம் பிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். பக்கத்துத் துண்டில் கீரை போடுகிற போஸ்ட்மாஸ்டர் அம்மா எட்டிப் பார்த்து, "உள்ள யாரோ கத்துறாங்களே?" என்றார். கடுவன் என்றேன். "ஐயோ, அச்சு அசல் மனுஷக் குரல்" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

கொட்டகையை ஜமுக்காளத்தால் மூடினேன். உண்மையிலேயே அடங்கிவிட்டான். அந்த முறை எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. உள்ளே ஃபேன் இருந்தது, கொசுவலை இருந்தது, துணைக்குக் குட்டிகளும் இருந்தன. பூனைகளுக்கு மணல் தட்டு, இவனுக்கு மூடி போட்ட வாளி. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஆப்பரேஷன் நான் செய்யவில்லை. அதை அழுத்தமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் படித்தவர்கள் வேண்டும். என் எல்லை எனக்குத் தெரியும்.

காது மட்டும்தான். பாலில் தூக்க மாத்திரை கரைத்துக் கொடுத்தேன். கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். நகக்கண் அளவுதான் போனது. இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது அவனைப் பார்த்து, பாவம், கேட்பாரற்றவன் என்று பிடித்துக்கொண்டு போகலாம். ஏற்கெனவே கவனிக்க ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? எழுந்ததும் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் கேட்கவில்லை. "மீன் இருக்கா அத்தான்?" என்றான், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில், அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அவன் போனிலிருந்து நானே என் மனைவிக்குச் செய்தி அனுப்புவேன். அங்கேதான் தவறிவிட்டேன். ஒருநாள் தெரியாத்தனமாக, "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்று அனுப்பிவிட்டேன். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவன் இல்ல" என்றாள். "பிறந்ததுலேர்ந்து ஒரு நாள் அவன் என்னைக் கேட்டதில்ல."

"புது வேலை, திருந்தியிருப்பான்" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் சொல்லாமல் அவள் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

தாழ்ப்பாளில் பிற்பாடு நான் மாட்டிய பூட்டை நீங்கள் உடைத்தபோது நானும் அங்கேதான் நின்றேன். அவன் ஓடி வருவான் என்றுதானே எல்லோரும் எதிர்பார்த்தீர்கள்? கட்டில்மேல் காலை மடித்து உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு குட்டி. என் மனைவி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுதாள். அவன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கதவைச் சாத்துக்கா, குட்டிங்க வெளிய போயிடும்" என்றான். அப்புறம், "அத்தான் வந்தாச்சா?" என்று கேட்டான். கொடுமைப்படுத்திய ஒருவனை யாராவது அப்படித் தேடுவார்களா, மேடம்? ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு உங்கள் ஆட்கள்தான் அவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். எனக்கு ஒருநாளும் அப்படிச் செய்ய வேண்டி வந்ததில்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். எனக்கு இப்போது கவலையெல்லாம் என் மனைவியைப் பற்றித்தான். வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்களா? நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லையாம். மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பினாலே இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். பயப்பட வேண்டாம், கொஞ்ச நாள் பொறுமையாகக் கவனித்தால் சரியாகிவிடும் என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள். கொட்டகையும் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.