பேச்சி கட்டிய அறுபத்து மூன்று பக்கங்கள்

தலைமை ஏற்றிருக்கும் அறைவாசிகள் சங்கத் தலைவர் பரசுராமன் அவர்களே, சங்கரன்கோவிலிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேச்சியின் தாயார் மீனம்மாள் அவர்களே, முதல் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் தோழர்களே!

தோழர் பேச்சியோடு பதினோரு மாதம் பேசாமல் இருந்தவன் நான். இன்று அவரைப் பற்றிப் பேச நிற்கிறேன்.

சங்கத்துக்கு இணையதளம் வேண்டும் என்றபோது முப்பது பக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் பதினான்கு ஆண்டு கணிதம் நடத்தியவன். இந்த மேடையில் ஒருவரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. தொழிற்சாலை லைனில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் பேச்சியிடம் வேலையைக் கொடுத்தார்கள். எனக்குப் பிழை பார்க்கும் பொறுப்பு! அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பேச்சி என்ன செய்தார்? வல்லம் வடகால் முதல் குன்றத்தூர் வரை, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் ஊர் ஒன்றுக்கு ஒரு பக்கம். எங்கே அறை கிடைக்கும், எந்தத் தெருவில் தண்ணீர் வரும், கம்பெனி பஸ் எங்கே நிற்கும். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித் துண்டுகளாக ஒரே முறை எழுதி வைத்தார். ஒரு கட்டளை கொடுத்தால் துண்டுகள் சேர்ந்து அறுபத்து மூன்று பக்கங்களும் தயார். லாகின் கிடையாது. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கும். ஹாஸ்டலில் நேற்று வந்து இறங்கிய பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

அடிப்பகுதியில் ஆம்புலன்ஸ் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. கண்டுபிடித்தவன் நான். பேச்சியிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, தயாரான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் அத்தனையிலும் பழைய தவறு! வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று முடிவு கட்டி, தலைவரிடம் சண்டைக்குப் போனேன். “இன்னா சார், அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ?” என்றார். அவர் சொல்லி, புதன்கிழமையே பேச்சி எண்ணைச் சரிசெய்துவிட்டார். நான்தான் சரியாகவில்லை.

பதினோரு மாதம் கழித்து அவரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூருக்கு என் வீடு தேடி வந்தார். “அண்ணாச்சி, நீங்க வெந்த இட்லி மேல உப்பு தூவியிருக்கீய. நான் மறுபடி ஊத்துனா பழைய மாவுதான வரும்? துண்டுலல்லா திருத்தணும்.”

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற ஆளுட்ட எப்படிச் சொல்ல?”

அதன்பின் எல்லா ஞாயிறும் எனக்குப் பாடம். அடித்தால்கூடக் கோபம் வராத ஆசிரியை. மூன்றே வாரக் காமாலையில் அவரைப் பறிகொடுத்துவிட்டோம்.

இனித் தளம் எதற்கு, வாட்ஸ்அப் குழு போதும் என்று மேடையில் ஒரு யோசனை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். காலையில் போட்ட ஆம்புலன்ஸ் எண் மாலைக்குள் இருநூறு வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். அடிபட்டுக் கிடப்பவர் அதைத் தோண்டி எடுப்பாரா? தலைவரே, தீர்மானம் கொண்டுவாருங்கள், எதிர்க்கிறேன். உங்கள்மீது எனக்குக் கோபம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அடிப்பகுதியில் இன்னோர் எண் உண்டு. ‘எதுவும் புரியாவிட்டால் அழையுங்கள்’ என்று பேச்சி தன் எண்ணையே போட்டிருந்தார். நான்கு நாளாக அது அடித்துக்கொண்டே இருக்கிறது. மீனம்மாள் எடுத்து, “அவ இல்லய்யா” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பெற்றவள் அதை எத்தனை முறை சொல்வது?

இன்று காலை அந்தத் துண்டைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. அழிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் எண்ணை எழுதிக் கட்டளை கொடுத்தேன். அறுபத்து மூன்று பக்கங்களிலிருந்தும் பேச்சி ஒரே நொடியில் போய்விட்டார்.

அம்மா, இனி உங்கள் கையில் இருக்கும் அந்த போன் அடிக்காது. என்னுடையது அடிக்கும். நான் எடுப்பேன்.