எடித்தம்மாள் படத்துக்கு ஓர் ஆணி

அரை நூற்றாண்டு ஆடி ஆடியே இந்த மாவட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டு, இன்று ஆடாமல் அசையாமல் அவைத்தலைமை ஏற்றிருக்கும் பபூன் அழகர் அண்ணன் அவர்களே, நம் நாடக நடிகர் சங்கத்தின் செயலாளரும், சட்டதிட்டங்களின் காவலரும், மேடையில் எனக்குப் பலமுறை கணவராகவும் சிலமுறை எமனாகவும் வந்து நின்றவருமான ராஜபார்ட் சடையாண்டி அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த கலைஞர்களே, முகம் மலர வந்திருக்கும் தாய்மார்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த புத்திசாலிகளே, பிடிக்கத் தவறிய பொறுமைசாலிகளே, நிறைவாக, தலைவருக்குப் பக்கத்து மடக்கு நாற்காலியில் துணி போர்த்தி, மாலை சூடி, மௌனமாக வீற்றிருக்கும் எடித் கார்ஸ்டன் அம்மையாரின் திருவுருவப் படமே, உங்கள் அனைவரையும் ஸ்திரீபார்ட் மலர்விழி தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

இது படத்திறப்பு விழா. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் படம் ஏன் சுவரில் இல்லை? சுவரில் ஆணி இல்லை. ஆணி ஏன் சுவரில் இல்லை? அது செயலாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. இல்லை என்று அவர் சொன்னால் நான் இப்போதே பேச்சை முடித்துக்கொள்கிறேன். பையைத்தான் பொத்திக்கொள்கிறார்.

நேற்று நடந்த கூட்டத்தில் செயலாளர் அண்ணன் தெளிவாகச் சொன்னார். "ஏத்தா மலரு, இந்த ஜில்லாவுல மேடை ஏறுன ஆளு படந்தேன் இந்தச் செவத்துல ஏறும். அந்தம்மா சினிமாவுல நின்னுச்சு. சினிமாக்காரவுகளுக்கு இங்கிட்டு எடமில்ல. அம்புட்டுதேன்."

அவர் சொன்னது நியாயம். இந்தச் சுவரைப் பாருங்கள். இங்கே படங்களில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் விடிய விடிய நின்றவர்கள், வியர்வையில் அரிதாரம் கரைய நின்றவர்கள், ஊர்க்காரர் சோறு போட மறந்த ஊரிலும் பாட்டை மறக்காமல் நின்றவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சீமாட்டியைச் செருகலாமா? சட்டம் இடம் தருமா? அதை அந்தச் சட்டத்தை வைத்தே பேசத்தான் வந்திருக்கிறேன். முதலில் இந்த அம்மையார் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் ஒரு சினிமாப் படப்பிடிப்பு. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கலெக்டரும் கலெக்டர் மனைவியும் வேண்டும். நம் பேகம்பூர் அப்பாஸ் பாயிடம் சொல்லி அனுப்பினார்கள். குதிரை, கோச்சு வண்டி, வெள்ளைக்காரர் ஆகிய மூன்றையும் படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்து தருபவர் அவர். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். குதிரை என்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார். வெள்ளைக்காரர் என்றால் வெள்ளையாக இருந்தால் போதும்.

பாய் கொடைக்கானல் ஏறினார். பேருந்து நிலையத்தில் குடையோடு நின்றிருந்தார் ஒரு முதிய அம்மையார். "மேடம், ஒன் டே சூட்டிங், பிரியாணி இருக்கு, வர்றீகளா?" என்றார் பாய். அம்மையார் வண்டியில் ஏறிவிட்டார். என்ன தொழில் செய்தீர்கள் என்று பாய் கேட்கவில்லை. கேட்டாரா? இல்லை என்று அவரே தலையாட்டுகிறார்.

யார் கேட்டது? நெய்க்காரப்பட்டியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மொழிபெயர்ப்புக்காக வந்திருந்த ஆங்கில ஆசிரியர் ஆல்வின் சார் கேட்டார். நான் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் எனக்குத் தூக்குக் கைதியின் தாய் வேஷம். அம்மையார் பிரியாணியிலிருந்து ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். சார் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

அவர் நடிகை. வாழ்க்கை முழுக்க நடிகை.

பதினேழு வயதில் இங்கிலாந்தில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கடலோர ஊர் ஊராகப் போகிற கம்பெனி. தகரப் பெட்டியைத் தானே தூக்க வேண்டும். மழை பெய்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் சாப்பாடு இல்லை. இதைக் கேட்கும்போது உங்களுக்கு இங்கிலாந்து கண்ணில் தெரிகிறதா, நம் வேடசந்தூர் தெரிகிறதா? எனக்கு வேடசந்தூர்தான் தெரிந்தது.

முதலில் தேநீர்த் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி. பிறகு கதாநாயகிக்குத் தோழி. பிறகு கதாநாயகிக்குத் தாய். பிறகு கதாநாயகிக்கு ஆவி. கதாநாயகி மட்டும் கடைசி வரை இல்லை. பிறகு சினிமா. அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, கதவைத் திறப்பது. கதவைத் திறப்பார், "ஐயா உள்ளே இருக்கிறார்" என்பார், ஒதுங்கிக்கொள்வார். எத்தனை படம், எத்தனை கதவு. பிறகு தொலைக்காட்சித் தொடரில் செவிலி. கதையில் ஆள் அதிகமாகிவிட்டதென்று அந்தச் செவிலியைக் காரில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. "நடிப்பு முடிந்துவிட்டது, மலையைப் பார்க்கலாம் என்று வந்தேன்" என்று சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நமக்கும் ஒருநாள் யாரும் கூப்பிடாமல் போகும் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிட்டதும் காட்சி. என் மகனைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டார் கலெக்டர். நான் காலில் விழ வேண்டும். கலெக்டர் மனைவி கணவனிடம் மன்றாட வேண்டும். என் மகனைக் கயிற்றோடு பிடித்து நிற்கும் போலீஸ்காரர் யார் தெரியுமா? ராஜபார்ட் சடையாண்டி அண்ணன். ஆமாம், அவரேதான். கை தட்டுங்கள், தப்பில்லை.

உதவி இயக்குநர் வந்தார். வசனம் தெரியாதவர்களுக்குச் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. வாயசைவு இருந்தால் போதும் என்று எண்களைச் சொல்லச் சொல்வார்கள். பின்னால் வேறொருவர் குரல் கொடுப்பார். "மேடம், ஒன் டூ த்ரீ, ட்வென்டி வரைக்கும் சொல்லுங்க, போதும்" என்றார்.

அம்மையார் ஆல்வின் சாரிடம் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பையனுக்கு என்ன வயது?"

உதவி இயக்குநருக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாது. அவனைப் பெற்ற எனக்கே தெரியாது. உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் இயக்குநரைக் கேட்டார். இயக்குநர் மரத்தடியிலிருந்து, "பத்தொம்பதுன்னு வச்சுக்கய்யா" என்று கத்தினார். கூடியிருந்த ஊர் முழுக்க அது கேட்டது.

கேமரா ஓடியது. அம்மையார் என்னைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்து, 'ஒன்' என்றார். பிறந்த குழந்தையைக் கையில் வாங்குகிறவர் சொல்வதுபோல் இருந்தது. டூ, த்ரீ. குழந்தை நடந்தது. ஃபைவ், சிக்ஸ். பள்ளிக்கூடம் போனது. டென் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏற ஏற, அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. நிறுத்திவிட்டார்.

"இருபதைச் சொல்லுங்க மேடம்" என்று உதவி இயக்குநர் சைகை காட்டினார். சொல்லவில்லை. கணவனைப் பார்த்தபடியே நின்றார்.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். "ஏனுங்க, அந்தம்மா ஏன் இருவது சொல்லலீங்க?"

பக்கத்திலிருந்தவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பையனுக்குப் பத்தொம்பதுதானுங்களே."

நான் நடிக்கவில்லை. காலில் விழ வேண்டியவள், அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையின் உயிர் அந்த அம்மாளின் வாயில் இருப்பதாகவே நினைத்தேன்.

இயக்குநர் கட் சொன்னார். நன்றாக இல்லை என்பதற்காக அல்ல. போலீஸ்காரரின் ஒட்டுமீசை கண்ணீரில் நனைந்து கழன்று, கைதியின் தோளில் விழுந்துவிட்டது. மீசையை ஒட்டி மறுபடி எடுத்தார்கள். மறுபடி பத்தொன்பது வந்தது, மறுபடி மீசை விழுந்தது. மூன்றாம் முறை போலீஸ்காரர் தாமாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படத்தில் அண்ணனின் முதுகு மட்டும் தெரிவது அதனால்தான். இத்தனை ஆண்டுகளாக அதற்கு அவர் சொல்லிவரும் காரணம் வேறு.

பின்னால் அந்த அம்மாளுக்குக் குரல் கொடுக்க என்னையே சென்னைக்கு அழைத்தார்கள். பக்கம் பக்கமாக வசனம். மாசற்ற மணாளனே, மங்காத மாணிக்கமே என்று எழுதி வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன், திரையில் அந்த முகத்தைப் பார்த்தேன், மூடிவிட்டேன். கடைசியில் படப்பிடிப்பில் பதிவான சத்தத்தையே வைத்துவிட்டார்கள். அதனால் வெள்ளைக்காரன் காலத்துக் காட்சியில் பழனி பஸ் ஹாரன் கேட்கும். திண்டுக்கல் தியேட்டரில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன் டூ த்ரீ தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுதார்கள்.

என்ன தம்பி? படத்தின் பெயரா? மூன்றாம் நாள் தூக்கிவிட்ட படத்துக்குப் பெயர் எதற்கு அப்பு. உட்காருங்கள்.

படப்பிடிப்பு முடிந்து பாயின் வண்டியில் ஏறும்போது அம்மையார் என் கையைப் பிடித்துச் சொன்னதை ஆல்வின் சார் தமிழில் சொன்னார். "எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே நீளமான வசனம் இதுதான்." அவரை நான் பிறகு பார்க்கவில்லை. போன மாதம் காலமானார் என்று சார் தொலைபேசியில் சொன்னார். அவருடைய ஊரில் படம் மாட்டுகிறார்களா, எனக்குத் தெரியாது. நாம் மாட்ட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மேடை ஏறினாரா? அன்று கலெக்டர் பங்களா எங்கே போடப்பட்டிருந்தது அண்ணே? வெட்டவெளியிலா? தரையிலா? நெய்க்காரப்பட்டிக் கலையரங்கத்தின் மேல் அல்லவா போட்டிருந்தார்கள்? நீங்களும் நானும் எத்தனை திருவிழாவில் ஆடிய மேடை அது? கீழே ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கவில்லையா? எதிரே சபை, காலடியில் மேடை, உடம்பில் வேஷம். இதற்கு மேல் மேடை ஏறுவதென்றால் இன்னும் எங்கே ஏற வேண்டும்? அந்த மேடையில் அவரைப் பார்த்து முதலில் அழுத ரசிகர் யார்? அதையும் நானே சொல்ல வேண்டுமா?

வேண்டாம். அண்ணன் எழுந்துவிட்டார்.

எல்லோரும் கொஞ்சம் வழி விடுங்கள். சட்டைப்பையில் கை போகிறது. ஆல்வின் சார், அந்தச் சுத்தியலை எடுத்துக் கொடுங்கள். அண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே அடியுங்கள், எல்லோர் படத்துக்கும் சமமாக. என்ன, சுவரைப் பார்த்தே நிற்கிறீர்கள்? திரும்ப வேண்டாம் அண்ணே. செத்த நேரம் அப்படியே நில்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

இவ்வளவு நேரம் செவி சாய்த்த உங்களுக்கும், ஆணியைத் தந்த அண்ணனுக்கும் என் நன்றி. எடித்தம்மா, கதவு திறந்திருக்கிறது, இந்த முறை நீங்களே உள்ளே வாருங்கள். வணக்கம்.