சத்தம் வருது, படம் வரல

— சத்தம் நல்லாத்தானே வருது பெயிண்டர் அண்ணே? படம்தான் இல்ல.

— அதத்தான தங்கச்சி போன்ல சொன்னேன். கட்டம் கட்டமா ஒரே கறுப்பு. நான் ஊர் சுவத்துக்கெல்லாம் வெள்ளை அடிச்சேன், இந்தக் கம்ப்யூட்டர் எனக்குக் கறுப்பு அடிக்குது.

— இருங்க, பாப்போம். பக்கத்தைத் திரும்ப ஏத்திப் பாத்தீங்களா?

— தட்டித் தட்டி விரல்தான் தேஞ்சுது. சீக்கிரம் பாரு, கல்யாணம் முடிஞ்சிரப் போகுது.

— பாப்போம், பாப்போம். சிரிக்கிறது கூடக் கேக்குது, அப்ப நெட்டுல கோளாறு இல்ல. கிராபிக்ஸ்லதான். யாரு கல்யாணம்?

— மகளுக்கு.

— உங்க மகளுக்கா! அப்புறம் இங்க உக்காந்து என்ன பண்றீங்க? வெளிநாட்டுல நடக்குதா?

— போக முடியாத தூரம்னு வச்சுக்க.

— டிக்கெட்டு கிடைக்கலையா?

— வாய் சும்மா இருக்கல. இவனைத்தான் பிடிச்சிருக்குன்னு அவ வந்து நின்னா. எனக்கு மகளே இல்லைன்னுட்டேன். சொந்தபந்தம் மொத்தமும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சுவத்துல தப்பா அடிச்சாச் சுரண்டி எடுக்கலாம் தங்கச்சி. இதை எதை வச்சுச் சுரண்டுறது?

— அவங்க அப்புறம் பேசவே இல்லையா?

— இன்னிக்கு விடிஞ்சதும் இந்த நேரலை லிங்க் வந்துச்சு. கூட ஒரு எழுத்து இல்ல.

— அனுப்பியிருக்காங்கல்ல.

— அனுப்பியிருக்கா. என்னால பாக்கக்கூட முடியல.

— பாப்போம். இதோ, செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. படம் வரையற வேலையைத் தனியா ஒரு கிராபிக்ஸ் சில்லுகிட்ட விட்டிருக்கு. உங்க மெஷின் பழசு, அந்தச் சில்லு தடுமாறுது. இதை அணைச்சா, மெயின் ப்ராசஸரே வரைஞ்சுக்கும்.

— வந்த ஆளு சரியில்லைன்னா மேஸ்திரியே பிரஷ்ஷைப் பிடிக்கிற மாதிரி.

— அதே. கொஞ்சம் மெதுவா ஓடும், முகம் தெரியும்.

— முகம் தெரிஞ்சாப் போதும்.

— நேர்ல போயிருந்தா இந்தப் பாடே இல்ல.

— சரி, நீயும் ஒரு குத்து குத்திக்க.

— தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே.

— போன வாரம் அவ இந்த அறைக்கு வெளியிலதான் வந்து நின்னா. கதவைத் தொறக்கல நான். செருப்புச் சத்தம் படி இறங்கிப் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

— ...சரி, அணைச்சாச்சு. ஒரு தடவை பிரவுசரை மூடித் தொறந்தாப் படம் வந்திரும். பயப்படாதீங்க, சத்தமும் சேந்து நிக்கும், மறுபடி வரும்.

— ம்.

— மூடிட்டேன்... அண்ணே?

— சொல்லு.

— மூடினப்புறமும் சத்தம் வருதே? அட, ஸ்பீக்கரை முதல்லயே அணைச்சுல்ல வச்சிருக்கீங்க! அப்ப இவ்வளவு நேரம் கேட்டது எங்கேருந்து?

— உனக்குப் பின்னாடி ஜன்னல் தொறந்திருக்கு தங்கச்சி. மண்டபம் எதிர்லதான்.