அஞ்சு சுத்து ஸ்டீரிங்

— சும்மா சொல்லக் கூடாது அக்கா, ரெண்டையும் தூக்கிட்டு வந்ததுல என் முதுகு போச்சு. இந்தா, இது சின்ன கார்ல இருந்த ஸ்டீரிங் பெட்டி. இது வேன்ல இருந்தது. எது வேணாமோ அதைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லிட்டார்.

— வேன் பெட்டியை இங்க வை. சின்னதைக் கட்டி எடுத்துட்டுப் போ.

— நீ சரியாப் பார்க்கவே இல்லையே. மாமா, நீங்களாவது சொல்லுங்க. லாரி ஓட்டின மனுஷன் நீங்க.

— மாப்ள சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா. உன் கார்ல இப்ப இருக்கிற பெட்டியில பல்லு தேஞ்சு, ஸ்டீரிங்கைக் கால்வாசி சுத்தின பிறகுதான் சக்கரத்துக்குச் சேதியே போகுது. அதனாலதானே வேற தேடுறோம்? தேடுறதே தேடுறோம், நல்லதாப் போடு. சின்ன கார்ப் பெட்டின்னா ரெண்டரை சுத்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் திரும்பிடும்.

— வேன் பெட்டி, மாமா?

— அஞ்சு.

— அஞ்சு சுத்தா? அக்கா, அது கார் ஓட்டுறது இல்ல, மாவாட்டுறது. அந்தக் காலத்துக் கார் மாதிரி நீள மூக்கு வச்சு, வட்ட விளக்கு வச்சு, கதவோரம் ரப்பர் ஹாரன் மாட்டி, எல்லாத்தையும் நீயே தட்டி நிமித்திட்டு, கடைசியில தெரு முனையில திரும்பறதுக்கு வேர்க்க விறுவிறுக்கச் சுத்திட்டு இருக்கப் போறியா?

— சுத்தினா சுத்திட்டுப் போறேன். இரும்புக் கேட் அடிக்கிற கைடா இது.

— அதைத்தான் நானும் சொல்றேன். அத்தனை சுத்து இருக்கிறதாலதான் இந்தப் பெட்டி கனமான வேனையே லேசாத் திருப்புது. உன் வலுவுக்கு அது எதுக்கு?

— இங்க கேளு. வேன் பெட்டிக்குத்தான் காரோட இரும்புச் சட்டத்துல இடம் சரியா இருக்கு. அளந்தாச்சு.

— நானும் அளந்தேன். ரெண்டுமே உட்காரும்.

— சின்னதுல எண்ணெய் கசியுது.

— ஒரு வாஷர் போட்டா நின்னுடும்.

— அதோட நிறம் எனக்குப் பிடிக்கல.

— மாமா, கேட்டீங்களா? உள்ளே ஒளிஞ்சு கிடக்கப் போற சாமானுக்கு நிறம் பார்க்கிறா. புடவைக் கடையில கூட இவ இவ்வளவு பார்த்ததில்ல.

— விடு மாப்ள. உங்க அக்கா காரணத்தை மாத்திக்கிட்டே போனா, முடிவை மாத்த மாட்டான்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து பார்க்கிறேன். ஓட்டப் போறது அவ. நான் பக்கத்துல உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறவன். எனக்கென்ன?

— ஏன், நீங்க ஓட்டினா கார் வேணாம்னு சொல்லுமா?

— ஆரம்பிச்சிட்டியா? லாரி மேல இருந்து விழுந்த தோளும்மா இது. டாக்டர் என்ன சொன்னாரு? பிடிக்கலாம், பலம் கொடுத்து இழுக்கக் கூடாது. ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இழுக்காம இருந்தா, வண்டி நேரா எதிர் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ற இடத்துலதான் போய் நிக்கும்.

— இழுக்கக் கூடாதுன்னாரு. ஓட்டக் கூடாதுன்னு சொல்லலியே.

— ரெண்டும் ஒண்ணுதான். வலிக்குப் பயப்படல நான். நடுரோட்டுல கை விட்டுடுச்சுன்னா? அந்தப் பயம் இருக்கே, அது எனக்குத்தான் தெரியும். ஸ்டீரிங் முன்னாடி உட்கார்றதில்லன்னு முடிவு பண்ணி வருஷக் கணக்காச்சு. நாளைக்குக் காலையில உன் காரை நீ வெளியே எடு. நான் ஜம்முன்னு பக்கத்துல வர்றேன். சந்தோஷமாத்தான் சொல்றேன்.

— சரி. தம்பி, வேன் பெட்டியை எடு. அந்த ஸ்பானரையும் கொடு.

— கொடுக்கிறேன், கொடுக்கிறேன். ராஜ உத்தரவு.

— இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி. அப்படித்தான். விட்டுடாதே, என் மூஞ்சி கீழே இருக்கு.

— மாட்டியாச்சா? சும்மா சொல்லக் கூடாது, கிரீஸ்ல குளிச்சுட்டே.

— ஆச்சு. ஏங்க, முன்சக்கரம் ரெண்டும் ஜாக்கில தூக்கி நிக்குது. கொஞ்சம் ஏறி உட்கார்ந்து திருப்புங்களேன். எங்கேயாவது உரசுதான்னு நாங்க பார்த்துக்கிறோம்.

— நான் எதுக்கு?

— எங்க ரெண்டு பேர் கையிலயும் கிரீஸ். ஸ்டீரிங்குக்கு இப்பத்தான் தோல் உறை தைச்சிருக்கேன்.

— சரிதான். என்னம்மா இவ்வளவு உயரத்துல நிக்க வச்சிருக்கே, பரண் மேல ஏறுற மாதிரி இருக்கு. ம், இடதுக்குத் திருப்புறேன்.

— திருப்புங்க மாமா.

— திருப்பிட்டேன்.

— இடதுன்னுதானே சொன்னீங்க?

— இடதுதான்.

— சக்கரம் வலதுக்குப் போகுதே.

— மறுபடி பாரு. இப்ப வலது.

— இப்ப இடதுக்குப் போகுது.

— அப்ப நம்ம வீட்டுல என் பேச்சு எப்படிப் போகுமோ அப்படித்தான் போகுது.

— சிரிக்காதீங்க. தம்பி, நீயும் சிரிக்காதே. எங்கே தப்பு பண்ணினேன்?

— பெட்டியைத் தலைகீழா மாட்டியிருக்கேம்மா. மேல்பக்கம் எதுன்னு எப்படிப் பார்த்தே?

— என்னைப் பார்த்து இருக்கிறதுதான் மேல்பக்கம். கேட் அடிக்கும்போது அப்படித்தானே?

— அது மேஜை மேல வச்சு அடிக்கும்போது. வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தா, உன்னைப் பார்க்கிறது அடிப்பக்கம்.

— அய்யய்யோ. ஆமாங்க.

— மாமா, போதும், விழுந்துடப் போறீங்க. அக்கா, இவர் இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு? நீ தப்பா மாட்டினதே நல்லதாப் போச்சு.

— கண்ணுல தண்ணியே வந்துடுச்சு மாப்ள. ஆனா ஒண்ணு, லேசாத்தான் திரும்புது.

— ஜாக்கில நிக்கிற சக்கரம் விரல் பட்டாலே திரும்பும் மாமா. வண்டியைத் தரையில விட்டு, நின்ன இடத்துலயே திருப்பினாத்தான் கனம் தெரியும்.

— லாரிக்காரன்கிட்டயே பாடம் எடுக்கிறியா?

— பேசினது போதும். ரெண்டு பேரும் உள்ளே போய் டீ குடிச்சுட்டு வாங்க. நான் பெட்டியைப் புரட்டி மாட்டிடறேன்.

— தனியாவா? நான் பிடிக்கிறேன் அக்கா.

— வேணாம். போ.

— இந்தா அக்கா, உனக்கும் டீ. ஆச்சா?

— ஆச்சு. ஏங்க, இன்னொரு தடவை ஏறுங்க.

— சரிதான். அட, இந்தத் தடவை ஏறுறது சுலபமா இருக்கே.

— டீ குடிச்ச தெம்பு.

— அக்கா, இந்தச் சக்கரம்...

— நீ வாயை மூடிட்டுத் தள்ளி நில்லு. இடதுக்குத் திருப்புங்க.

— இடதுக்கு இடதுதானே போகுது?

— இடதேதான். முழுசாத் திருப்புங்க. அப்படியே வலதுக்கு. நிறுத்தாம.

— பரவால்லம்மா, உன் பிடிவாதத்துல ஒரு ஞாயம் இருக்கு. நல்ல பெட்டிதான். சுத்து அதிகமே தவிர, கை அது பாட்டுக்குப் போகுது.

— தோள் வலிக்குதா?

— இல்லியே.

— கை நடுங்குதா? என் மேல சத்தியமாச் சொல்லுங்க.

— ஒண்ணும் இல்லம்மா. ஜாக்கில நிக்கிற சக்கரத்தைத் திருப்புறதுக்குப் போய் யாருக்காவது தோள் வலிக்குமா?

— நீங்க டீ குடிக்கப் போனப்பவே ஜாக்கியை எடுத்துட்டேங்க. வண்டி தரையிலதான் நிக்குது.